மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே முதலுதவி இல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரண்ட் பிடித்துத் துடிப்பவரைக் கண்டால் ஓடிப்போய்த் தொட்டுவிடுகிறார்கள். மின்னல் தாக்கிக் கிடப்பவரைக் கண்டால் தொடப் பயந்து தள்ளி நிற்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். முதலாமவரைத் தொட்டவரும் சேர்ந்து சாகிறார். இரண்டாமவரைத் தொடாததால் பிழைத்திருக்கக்கூடியவர் சாகிறார். மருத்துவமனையில் எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றுவது என்பது வரைக்கும் இந்தக் குழப்பம் நீள்கிறது.

இரண்டும் மின்சாரம்தான். ஆனால் மின்னல் பல்லாயிரம் ஆம்பியரோடு வந்து, கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக, பெரும்பாலும் உடம்பின் மேற்பரப்பில் வழுக்கி ஓடிவிடும். வீட்டு இணைப்பில் வருவது 230 வோல்ட், விநாடிக்கு 100 முறை திசை மாறுவது. அது ஆளைப் பிடித்து நிறுத்தி உள்ளுக்குள் பாய்கிறது. முன்கைத் தசைகளில் விரலை மடக்கும் தசை விரிக்கும் தசையைவிட வலுவானது என்பதால், கம்பியைப் பிடித்த கை தானாக இறுகிக்கொள்ளும். 'ஏன் விடவில்லை' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 10 முதல் 16 மில்லி ஆம்பியர் ஓடினாலே பெரும்பாலானவர்களால் விட முடியாது.

மின்னல் பட்டவர் உடம்பில் 'கரண்ட் இருக்கும்' என்று காத்திருப்பது

இருக்காது. அடுத்த விநாடியே வெறுங்கையால் தொடலாம். கழுத்து வரை மண்ணில் புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பல இடங்களில் உண்டு. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் சாணக் குழியில் புதைத்த செய்திகள் இன்றும் வருகின்றன. இறங்குவதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. புதைத்தால் நெஞ்சு விரிய முடியாமல் போவதும், உயிர் காக்கும் நிமிடங்கள் கரைவதும்தான் நடக்கும்.

அந்த நிமிடங்கள் ஏன் முக்கியம் என்றால், மின்னல் இதயத்தின் தசை முழுவதையும் ஒரே அடியில் நிறுத்துகிறது. இதயத்துக்குத் தானாகத் துடிப்பைக் கிளப்பும் இயல்பு இருப்பதால் பலருக்கு அது சீக்கிரமே மறுபடி ஓடத் தொடங்கும். மூளையில் மூச்சை இயக்கும் பகுதி அவ்வளவு வேகமாக எழுவதில்லை. மூச்சு வராத நிலையில் ஓடும் இதயம் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரண்டாவது முறை நிற்கும். அப்போது அதை மீட்பது மிகக் கடினம். எனவே மின்னல் அடியில் நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது; வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும் அவசியம்.

செய்முறை இதுதான். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் 108-க்கு ஒருவர் பேசட்டும், இன்னொருவர் உடனே தொடங்கட்டும். கெட்டியான தரையில் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தங்கள். பிறகு மூக்கைப் பிடித்து 2 ஊதல்கள். ஒவ்வோர் ஊதலுக்கும் நெஞ்சு மேலெழ வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதே சுற்று. ஒருவர் களைத்தால் அடுத்தவர் மாற வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது நல்லது. மின்னல் சிலரைத் தூக்கி எறிந்திருக்கும் என்பதால் கழுத்தை முறுக்காமல் புரட்டுங்கள். இடி இன்னும் உறுமிக்கொண்டிருந்தால், முடிந்தால் முதலில் ஆளைப் பக்கத்துக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள். அதே வெளியில் அடுத்த மின்னலும் விழலாம்.

முனகுபவரிடம் முதலில் ஓடுவது

வயலில் நாற்று நடும் ஐந்தாறு பேர் ஒன்றாகத் தாக்கப்படுவது நம் ஊர்களில் சாதாரணம். ஒரு மின்னல் விழுந்த இடத்திலிருந்து தரை வழியாகவே பரவிப் பலரைத் தாக்கும். மாடுகள் மந்தையாகச் சாவதும் இதனால்தான்: முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம்.

பலர் அடிபட்ட பேருந்து விபத்தில் மூச்சும் அசைவும் இல்லாமல் கிடப்பவரைக் கடைசியாகப் பார்ப்பதுதான் முறை. மின்னலில் அதைத் தலைகீழாக்க வேண்டும். அலறுகிறவர், புரளுகிறவர், 'கால் வரவில்லை' என்று அழுகிறவர் ஆகியோருக்கு மூச்சு ஓடுகிறது. அவர்களில் அநேகமாக எல்லோரும் பிழைப்பார்கள். செத்தவர்போல் கிடப்பவருக்குத்தான் முதல் கை தேவை.

'செத்துவிட்டார்' என்று முடிவுகட்டுவதிலும் இரண்டு பொறிகள் உண்டு. மின்னல் நரம்பு மண்டலத்தைக் குழப்புவதால் கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் இருக்கலாம். வழக்கமாக மூளை செத்ததற்கு அடையாளமாகக் கொள்ளும் இதை மின்னல் அடியில் அப்படிக் கொள்ளக் கூடாது. கை கால் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்வதால் மணிக்கட்டில் நாடி கிடைக்காமலும் போகலாம். பயிற்சி உள்ளவர்கள் கழுத்தில் பார்க்க வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள்.

மெயினை அணைக்காமல் கையை நீட்டுவது

வீட்டுக் கரண்டுக்கு வரிசை வேறு. முதலில் மெயின் ஸ்விட்ச். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க வழியில்லாவிட்டால் காய்ந்த மரப் பலகையிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ நின்று, காய்ந்த கம்பால் கம்பியைத் தள்ளலாம். ஈரத் துண்டு, ஈரக் கட்டை, ஈரத் தரை எதுவும் உதவாது. துணி காயப்போடும் கொடிக் கம்பியில் ஒருவர் ஒட்டிக்கொள்ள, இழுக்கப்போன மனைவி, அவரை இழுக்கப்போன மகன் என்று ஒரே வீட்டில் மூவர் சாகும் செய்தி மழைக்காலம்தோறும் வருகிறது. இரும்புத் தூணில் கட்டிய கம்பிக் கொடியை இன்றே கழற்றி நைலான் கயிறு கட்டுங்கள்.

காய்ந்த கம்பு என்ற இந்த யோசனை 230 வோல்ட்டுக்கு மட்டும். 11,000 வோல்ட் உயர் அழுத்தக் கம்பி (எச்.டி.) அறுந்து கிடந்தால் கம்பு, செருப்பு, ரப்பர் கையுறை எதையும் நம்பக் கூடாது. கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, 1912-க்குச் சொல்லி, மின்வாரிய ஆட்கள் லைனை அணைத்ததை உறுதி செய்த பிறகே நெருங்க வேண்டும். பொறி பறக்கவில்லை, சத்தமில்லை என்பதால் கம்பி செத்துவிட்டதாக அர்த்தமில்லை. துணைமின் நிலையத்தில் டிரிப் ஆன லைன் சில விநாடிகளில் தானாகவோ ஆள் வழியாகவோ மீண்டும் ஏற்றப்படலாம். அருகில் சிக்கிக்கொண்டவர் காலை அகட்டி ஓடக் கூடாது: இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசமே ஆளை வீழ்த்தும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையில் தேய்த்தபடி நகர வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேர், கரும்பு லாரி, போர்வெல் வண்டி, அலுமினிய ஏணி எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

தோலைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்பது

மருத்துவ ரீதியில் பெரிய தவறு இதுதான். காய்ந்த, காய்ப்பேறிய கைத்தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரை போகும். நனைந்த தோல் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயம் ஒழுங்கில்லாமல் நடுங்கி நின்றுபோக 100 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே போதும். வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போட்டுவிட்டுக் கையை விட்டவர் தோலில் ஒரு தழும்பும் இல்லாமல் சாவதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

'எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறோமே' என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பதற்கு, ஆளைக் கொல்லும் மின்சாரம் அதற்குக் கொசுக்கடி. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

டிரான்ஸ்பார்மரில் அடிபட்டவரின் உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவு கருகல், பாதத்தில் இன்னொன்று இருக்கும். இடையில் முழுக் கைத் தசையும் எலும்பை ஒட்டி வெந்திருக்கலாம். வெந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடும். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் வந்தால் அதுதான் எச்சரிக்கை. இங்கே டிரிப்ஸ் அளவைச் சொல்லும் தீக்காயச் சூத்திரத்தைப் போட்டால் கணக்கு ஏமாற்றும்: எடை 60 கிலோ, தோலில் காயம் 5 சதவீதம் என்றால், 4 மி.லி. பெருக்கல் 60 பெருக்கல் 5, ஒரு நாளைக்கு 1,200 மி.லி.தான் வருகிறது. வெந்த கைக்கு இது போதவே போதாது. கருஞ்சிறுநீர் வரும் பெரியவருக்குச் சிறுநீர் மணிக்கு 75 முதல் 100 மி.லி. இறங்கும்படி ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தைக் கூட்டிக் குறைத்து ஏற்றுவதே முறை. குழாய் போட்டு மணிக்கு மணி அளக்காமல் இது நடக்காது.

மின்னல் நோயாளிக்கு இதே அளவை ஏற்றுவது எதிர்ப்பக்கத் தவறு. அவருக்கு ஆழத் தசை வேகுவது அரிது, மூளை வீங்கும் அபாயம் உண்டு. தேவைக்கு மீறிய டிரிப்ஸ் வீக்கத்தைக் கூட்டும்.

கையைக் கீறித் திறக்கும் முடிவிலும் இதே கதை. உயர் அழுத்த மின்சாரத்தில் அடிபட்ட முன்கை கல்போல் இறுகி, விரலை லேசாக நிமிர்த்தினாலே நோயாளி கத்தினால், தசை உறையைத் திறந்துவிடும் அறுவையை மணிக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் கையே போகும். மின்னல் அடித்தவரின் கால்கள் நீலம் பாய்ந்து, சில்லிட்டு, நாடியும் உணர்ச்சியும் இல்லாமல் கிடப்பது பார்வைக்கு இதைவிடப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் அது இரத்தக் குழாயும் நரம்பும் தற்காலிகமாக முடங்கியது. சில மணி நேரத்தில் தானாகத் திரும்பும். அவசரப்பட்டுக் கத்தி வைக்காமல், முதுகெலும்பு முறிவு இல்லை என்பதைப் பார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மார்பிலும் முதுகிலும் பெரணி இலை வரைந்ததுபோல் வரும் சிவப்புக் கோலமும் தீக்காயமல்ல. மருந்து தடவத் தேவையில்லை, ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

எல்லோரையும் ஒரு நாள் படுக்க வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். 230 வோல்ட்டில் சுருக்கென்று அடித்து, மயக்கம் வராமல், நெஞ்சுவலி இல்லாமல், ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். மயங்கி விழுந்தவர், நெஞ்சு படபடப்பவர், ஈ.சி.ஜி. மாறியவர், 1,000 வோல்ட்டுக்கு மேல் பட்டவர் ஆகியோரைத் தொடர் ஈ.சி.ஜி. கண்காணிப்பில் வைக்க வேண்டும். வயிற்றில் குழந்தை 20 வாரம் தாண்டியிருந்தால், தாய் நன்றாக இருந்தாலும் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் கவனிப்பது வழக்கம். தோளில் வலி என்றால் எக்ஸ்ரே எடுங்கள்: தசை வெட்டி இழுப்பதில் தோள்மூட்டு பின்பக்கமாக நழுவும், நேரே எடுத்த படத்தில் அது எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

இங்க், பற்பசை, எண்ணெய்

காயத்தில் பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மின்சாரம் அணைந்தபின் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மின்னல் அடித்தவருக்குக் காதில் இரத்தம் வந்தால் பெரும்பாலும் செவிப்பறை கிழிந்திருக்கும், சில சமயம் மண்டையோட்டின் அடியில் முறிவும் இருக்கும். காய்ச்சிய எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள். பஞ்சு அடைக்காமல், நனையாமல் பார்த்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காயம் ஆறியதும் மறந்துவிடுவது

சார்ஜர் வயரைக் கடித்து உதட்டோரம் வெந்த குழந்தைக்கு முதல் நாள் இரத்தமே வராது. வெந்த சதை உரிந்து விழும் 5 முதல் 14 நாட்களுக்குள் உதட்டுத் தமனி திறந்து பீறிடலாம், பெரும்பாலும் வீட்டில், தூக்கத்தில். டிஸ்சார்ஜ் செய்யும்போதே பெற்றோருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும்: கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரல் வாய்க்குள்ளே வைத்து உதட்டை நடுவில் இறுக்கிப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மின்னலில் பிழைத்தவர் 'முன்போல் இல்லை' என்று வீட்டார் சொன்னால் அதை மனப்பிரமை என்று தள்ளாதீர்கள். ஞாபக மறதி, தூக்கமின்மை, எரிச்சல், கை கால் எரிவு ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம்; ஸ்கேன் சரியாகவே இருக்கும். கண்புரையும் இப்படித் தாமதமாக வரும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்தும். எனவே முதல் வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடத்துக்குக் கண்களைக் காட்டுவது நல்லது. முப்பது வயதில் புரை ஏன் என்று கண் மருத்துவர் குழம்பும்போது, 'எனக்கு மின்னல் பட்டிருக்கிறது' என்று சொல்ல மறக்காதீர்கள்.