காட்டு வேட்டைக்காரனும் அவன் நாயும்: கதையில் எழுதுவது எப்படி

அமெரிக்க எல்லைப்புறக் காட்டில் தனியாக வாழும் ஒரு வேட்டைக்காரனையும் அவன் நாயையும் வைத்துக் கதை எழுதப் போகிறீர்களா? முதலில் நாய்க்கு ஒரு வேலை கொடுங்கள், பாசம் அப்புறம் தானாக வரும். ராத்திரிக் காவலா, அடிபட்ட மானின் தடம் பிடிப்பதா, பனியில் சறுக்குவண்டி இழுப்பதா என்று முடிவு செய்துவிட்டு, அந்த வேலை ஒருநாள் நடக்காமல் போனால் அவன் கதி என்ன என்று யோசியுங்கள். அவன் உயிருக்கே ஆபத்து என்றால் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் படிப்பது, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன குழுவின் தலைவர் மெரிவெதர் லூயிஸின் பயணக் குறிப்புகளை. 1803-இல் 20 டாலருக்கு வாங்கிய சீமன் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய், ஒஹாயோ ஆற்றை நீந்திக் கடந்த அணில்களைப் பிடித்து வந்தது, அவர் பொரித்துச் சாப்பிட்டார். 1805 மே மாதம் பீவர் என்ற, ஆற்றில் வாழும் கொறிக்கும் விலங்கு ஒன்று அதன் பின்னங்காலைக் கடித்து ரத்தக்குழாயே அறுந்துபோனது, ரத்தத்தை நிறுத்த அவர் படாத பாடு பட்டார். அதே மாதம் ராத்திரியில் முகாமுக்குள் பாய்ந்த காட்டெருமையை அது குரைத்தே திசைதிருப்பியது. 1806-இல் சிலர் நாயைத் திருடிப் போனபோது தன் ஆட்கள் மூன்று பேரைப் பின்னால் அனுப்பி, தர மறுத்தால் சுடுங்கள் என்றார். அந்த உத்தரவு ஒன்றே போதும், அந்த நாய் அவருக்கு யார் என்று சொல்ல.

நாயை மனிதனைப் போல யோசிக்க வைக்காதீர்கள். காது நிமிர்கிறது, கழுத்து மயிர் சிலிர்க்கிறது, வாலசைவு நிற்கிறது. இதையெல்லாம் அவன் படிக்கத் தெரிந்தவனாக இருக்கட்டும். ஒருமுறை தப்பாகவும் படிக்கட்டும்: உறைந்த ஆற்றில் கால் வைக்க மறுக்கும் நாயைத் திட்டி இழுத்துக்கொண்டு போகிறான், பனிக்கட்டி உடைகிறது, இருவரும் நனைந்து நடுங்கியபடி கரையேறுகிறார்கள், அன்று ராத்திரி தன் பங்கு இறைச்சியை ஒன்றும் பேசாமல் அதன் முன்னால் தள்ளி வைக்கிறான். மன்னிப்பு என்ற சொல்லே அங்கே வேண்டாம்.

பேச்சு கொஞ்சமாகவே போதும். தனியாக இருப்பவன் நாயிடம் விறகைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும்தான் பேசுவான்.

அழ வைப்பதற்காக மட்டும் நாயைக் கொல்வது எனக்குப் பிடிக்காது. கதை அதைத்தான் கேட்கிறது என்றால், சாவோடு நிறுத்தாமல் மறுநாள் காலையையும் எழுதுங்கள்: பழக்கதோஷத்தில் இறைச்சியை இரண்டு பங்காக வெட்டிவிட்டு, கத்தியைக் கையில் வைத்தபடியே அவன் உட்கார்ந்திருக்கிறான்.