காட்டுக் காளான் போட்ட பீட்ரூட் சூப்: எங்கே கோட்டை விடுகிறோம்

போலந்தில் வேலை பார்க்கும் தம்பி போன டிசம்பரில் குலசேகரத்துக்கு வந்தபோது, பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். உள்ளே மரச்சீவல் மாதிரி காய்ந்த காளான். "அங்க கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இறைச்சி தொடமாட்டாவ அக்கா. பீட்ரூட் சூப்பும் இந்தக் கூணுந்தான்" என்றான். காளானை எங்கள் ஊரில் கூண் என்போம். அந்த சூப்புக்கு அங்கே பார்ஷ்ச் என்று பெயர். உக்ரைனில் போர்ஷ்ச், அவர்கள் அதைச் சமைக்கும் மரபை யுனெஸ்கோ 2022-ல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நான் முதல் தடவை வைத்தது இரண்டிலும் சேராது. செங்கல் கழுவிய தண்ணீர் போல இருந்தது.

காரணம் ஆப்பசோடா. சீக்கிரம் வேகட்டுமே என்று கடலைக்குப் போடுகிற பழக்கத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டேன். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன் என்கிற நிறமி. புளிப்பு இருந்தால் அது நிற்கும்; சோடா பட்டால் பழுப்பாகிவிடும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தாலும் வெளுக்கும். தோலைச் சீவி, துண்டு போட்டு வேகவைப்பதும் தப்பு. வாலையும் ஒரு விரல் காம்பையும் விட்டு, தோலோடு முழுசாகக் குக்கரில் வையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு எங்கள் குக்கரில் 4 விசில். பிறகு தோலை உரித்துத் துருவி, உடனே அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட வேண்டும். அதற்குமேல் சூடாக்கலாம், கொதிக்கவிடக் கூடாது.

மீன்குழம்பு வைத்துப் பழகிய கை இங்கே புளியைத் தேடும். வாளன்புளி நிறத்தைக் கெடுக்கும். கொடம்புளி போட்டால் மீன் இல்லாத மீன்குழம்பு வாசம்தான் வரும். எலுமிச்சை, இல்லாவிட்டால் வினிகர் போதும். அங்கே பீட்ரூட்டை நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது தானாகப் புளித்த சாற்றை ஊற்றுவார்கள். நம் பழங்கஞ்சி புளிக்கிற அதே கதைதான். நம் வெக்கையில் மூன்று நான்கு நாளில் புளித்துவிடும். மூடியை இறுக்கக் கூடாது, துண்டுகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது. மயிர் மயிராகப் பூஞ்சை கண்டால் மேலே வழித்துவிட்டு மிச்சத்தை எடுக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பீட்ரூட்டின் மண்வாசமும் இந்தப் புளிப்பில்தான் அடங்கும். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் புதுமழை பெய்யும்போது மண்ணிலிருந்தும் கிளம்புகிறது.

காய்ந்த காளானை ஊறவைத்த தண்ணீரை நான் கொட்டிவிட்டேன். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். ருசியில் பாதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறதாம். ஒன்றரை லிட்டர் சூப்புக்கு 25 கிராம் காளான், வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம். அடியில் மண் நிற்கும், அதனால் பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். அந்தத் தண்ணீரிலேயே காளானையும் வெங்காயத்தையும் முக்கால் மணி நேரம் சிறுதீயில் விட்டுப் பிறகு பீட்ரூட்டோடு சேர்க்கலாம். கரம் மசாலா வேண்டாம். பிரிஞ்சி இலை, மிளகு, இரண்டு சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) இலை போதும். போலந்துக்காரர்கள் அதே மரத்தின் காய்ந்த காயைப் போடுகிறார்கள்; நம் கொல்லையில் இலை சும்மா கிடக்கிறது.

இதுவரை சொன்னதில் எதில் தவறினாலும் போவது ஒரு பானை சூப். பொட்டலம் தீர்ந்தபின் ஆனி மழையில் ரப்பர் தோட்டத்துக்குக் கூண் பறிக்கக் கிளம்புகிறோமே, அதில் தவறினால் ஆளே போகலாம்.

எங்கள் பாட்டி புற்றுக்கூணைக் கிள்ள மாட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டுத் தோண்டி, புற்றுக்குள் நீளமாக இறங்கும் வேர் போன்ற தண்டைக் காட்டுவாள். "வேரு இல்லாட்டி விட்டுரு மக்ளே." அறுபது வருஷம் ஒரே தோட்டத்தில் பார்த்த கண் அது. வேர் இருந்தால் போதும் என்று அதையே சூத்திரமாக எடுத்துக்கொண்டு நாம் புறப்படக் கூடாது. புல்வெளியிலும் தென்னந்தோப்பிலும் வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு ஒன்று முளைக்கும். இளசில் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் வெள்ளையாக இருந்து ஏமாற்றும், முற்றினால் பச்சை நிறமாகும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும்.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், புழு தின்றதை நாமும் தின்னலாம் என்பதெல்லாம் சுத்தப் பொய். கொதிக்க வைத்தால் விஷம் முறியும் என்பதும் அப்படித்தான். சில காளான்களில் இருக்கும் அமடாக்சின் சூட்டுக்கு அசையாது. 6 மணி நேரம், சில சமயம் அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் வயிற்றைப் புரட்டும். பிறகு சரியானதுபோலத் தெரியும், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மோர் குடித்துக் காத்திருக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நல்ல கூணே ஆனாலும், மழைக்கு முன் துரிசு என்கிற செம்பு மருந்து அடித்த ரப்பர் தோட்டம் என்றால் எடுக்காதீர்கள். காளான் உலோகத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும்.

நான் இப்போது கடையில் வாங்கிய சிப்பிக் காளானையோ பால் காளானையோதான் போடுகிறேன். பச்சையாகவே சூப்பில் தட்டினால் சவசவ என்று இருக்கும். எண்ணெய் இல்லாமல் இரும்புச் சட்டியில் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கிப் போட வேண்டும். தம்பியின் பொட்டலத்துக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. தயிர் சேர்ப்பதானால் இறக்கிப் பரிமாறும்போது கிண்ணத்தில் ஒரு கரண்டி; அடுப்பில் ஊற்றினால் திரியும்.

இன்னொன்று. பீட்ரூட் தின்ற மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அதை முதல்நாளே வீட்டில் சொல்லிவையுங்கள். நான் சொல்ல மறந்ததில், அத்தான் காலை ஆறு மணிக்கே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிட்டுவிட்டார்.