‘ஹைப்போ’ என்று தொடங்கும் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பரிசோதனை அறிக்கையிலோ உடற்கூற்றியல் பாடத்திலோ ‘ஹைப்போ’ என்று ஒரு சொல் தொடங்கினால், பெரும்பாலானவர்கள் ‘குறைவு’ என்று பொருள் கொள்வார்கள். பல சொற்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஹைப்போதலாமஸ் என்றால் குறைந்த தலாமஸ் அல்ல. மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருக்கும் பகுதி. இந்தக் கிரேக்க முன்னொட்டின் மூலப்பொருள் ‘கீழே’ என்பதுதான். உடல் உறுப்போடு சேரும்போது அது இடத்தால் கீழே. ஒரு பொருளோடோ செயலோடோ சேரும்போது, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. எந்தக் ‘கீழே’ என்று முடிவு செய்யக் கற்றுக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

முதலில் ‘ஹைப்போ’வை வெட்டி ஒதுக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். அது உறுப்பின் பெயர் மட்டுமா, அல்லது அதற்குப் பின்னே ஒரு வாலும் இருக்கிறதா? வால்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். ‘ஈமியா’ என்று முடிந்தால் இரத்தத்தில் உள்ள அளவு. ‘டென்ஷன்’ என்றால் அழுத்தம். ‘இசம்’ என்றால் சுரப்பியின் செயல்நிலை. ‘பிளேசியா’ என்றால் திசு வளர்ச்சி. இந்த நான்கு வால்களில் ஒன்று இருந்தால் ‘குறைவு’ என்றே படிக்கலாம். தைராய்டு ஓர் உறுப்புதான். ஆனாலும் ஹைப்போதைராய்டிசம் என்பது தைராய்டுக்குக் கீழே உள்ள எதையும் குறிக்காது, அதன் சுரப்புக் குறைவையே குறிக்கும். காரணம் அந்த ‘இசம்’.

இடத்தைச் சொல்லும் சொற்கள்

வயிற்றை ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையின் இரு ஓரங்களும் ஹைப்போகாண்ட்ரியம். ‘காண்ட்ரோ’ என்றால் குருத்தெலும்பு. விலா எலும்புகளின் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள பகுதி என்பதால் இந்தப் பெயர். வலப்பக்கத்தில் கல்லீரலும் பித்தப்பையும், இடப்பக்கத்தில் மண்ணீரலும் இரைப்பையின் ஒரு பகுதியும் இருக்கும். ஆகவே ‘வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி’ என்று குறிப்பில் இருந்தால் மருத்துவர் முதலில் பித்தப்பையையும் கல்லீரலையும் நினைப்பார். கீழ் வரிசையின் நடுப்பகுதி ஹைப்போகேஸ்ட்ரியம். ‘கேஸ்ட்ரோ’வைப் பார்த்து இரைப்பை என்று எண்ணிவிடக் கூடாது, இங்கே அது வயிறு என்ற பொதுப்பொருளில் நிற்கிறது. அங்கே இருப்பது சிறுநீர்ப்பை, பெண்களுக்குக் கருப்பையும்.

ஹைப்போகுளோசல் என்பது பன்னிரண்டாவது கபால நரம்பு. ‘குளோசா’ என்றால் நாக்கு. நரம்பு நாக்குக்குக் கீழாகப் போய் அதன் தசைகளை இயக்குகிறது. அந்த நரம்பே பாதிக்கப்பட்டால், நாக்கை நீட்டும்போது அது பாதிக்கப்பட்ட பக்கம் சாயும். ஹைப்போடெர்மிஸ் தோலுக்குக் கீழான கொழுப்பு அடுக்கு. ‘சப்கியூட்டேனியஸ்’ என்பதும் இதே பொருள்தான். ‘சப்’ லத்தீன், ‘ஹைப்போ’ கிரேக்கம், அவ்வளவே வேறுபாடு.

அளவைச் சொல்லும் சொற்கள்

இவைதாம் அறிக்கைகளில் அதிகம் வருபவை. தவறு நடப்பதும் இங்கேதான். ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயர் அளவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

ஹைப்போநேட்ரீமியா என்றால் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழ். ‘நேட்ரியம்’ சோடியத்தின் லத்தீன் பெயர். பெயரைப் பார்த்ததும் உப்பு போதவில்லை என்று தோன்றும். பல நேரங்களில் உண்மையில் நடப்பது, உடலில் நீர் மிகுந்து சோடியம் நீர்த்துப்போவது. அப்போது உணவில் உப்பைக் கூட்டுவது தீர்வாகாது. நீர் அருந்துவதைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சையாக இருக்கலாம். நீண்ட நாள் குறைந்திருந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையும் ஆபத்து உண்டு. இதை வீட்டிலேயே சரிசெய்ய முயலக் கூடாது.

ஹைப்போகலீமியாவும் ஹைப்போகால்சீமியாவும் எழுத்தில் மிக நெருங்கியவை. முன்னது பொட்டாசியக் குறைவு (‘காலியம்’ அதன் லத்தீன் பெயர்), லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழ். வாந்தி, பேதி, சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் வழக்கமான காரணங்கள். மெக்னீசியமும் சேர்ந்து குறைந்திருந்தால், பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. பின்னது கால்சியக் குறைவு. அதைப் படிக்கும்போது ஆல்புமினையும் பாருங்கள், ஏனெனில் கால்சியத்தின் கணிசமான பங்கு அந்தப் புரதத்தில் ஒட்டியே சுற்றுகிறது. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே போகும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சிய அளவோடு (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) 0.8 கூட்டுவது வழக்கக் கணக்கு. கால்சியம் 7.8, ஆல்புமின் 2.5 என்றால் 7.8 + (1.5 × 0.8) = 9.0. காகிதத்தில் குறைவாகத் தெரிந்தது உண்மையில் குறைவாக இல்லாமல் இருக்கலாம். ஐயம் இருந்தால் புரதத்தில் ஒட்டாத அயனிக் கால்சியத்தை நேரடியாக அளப்பதே நல்லது.

ஹைப்போதைராய்டிசம் அறிக்கை படிப்பவரை அதிகம் குழப்பும். நோயின் பெயரில் ‘குறைவு’. அறிக்கையிலோ பெரும்பாலும் டிஎஸ்எச் உயர்ந்திருக்கும். டிஎஸ்எச் தைராய்டின் ஹார்மோன் அல்ல, தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் தூண்டுதல். சுரப்பி சோர்ந்தால் தூண்டுதல் கூடுகிறது. குறைவது தைராய்டின் ஹார்மோனான டி4. ஆக, டிஎஸ்எச் உயர்ந்திருப்பதை ‘ஹைப்பர்’ (மிகை) என்று படித்துவிடக் கூடாது.

ஹைப்பாக்சியாவில் முன்னொட்டு தன் கடைசி உயிரெழுத்தை இழந்து ‘ஆக்சி’யோடு ஒட்டியிருக்கிறது. ஹைப்பாக்சியா திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமை. ஹைப்பாக்சீமியா தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. கடும் இரத்தசோகையில் விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கருவி நல்ல எண்ணைக் காட்டலாம், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்க ஹீமோகுளோபின் போதாமல் திசுக்கள் தவிக்கும்.

ஒலியால் வரும் ஆபத்து

‘ஹைப்போ’வும் ‘ஹைப்பர்’உம் ஈற்றில் மட்டுமே வேறுபடுகின்றன, சிகிச்சையோ நேர் எதிர். ஹைப்போகிளைசீமியா, அதாவது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழான சர்க்கரை, உடனே குளுக்கோஸ் கேட்கும் நிலை. அங்கே இன்சுலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

ஆகவே தொலைபேசியில் சொல்லும்போது முன்னொட்டை நம்பாதீர்கள். ‘சர்க்கரை குறைவு, 52’ என்று பொருளையும் எண்ணையும் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்ல வையுங்கள். அலகும் முக்கியம்: சில கருவிகள் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கிடைக்கும். 70 மில்லிகிராம் அங்கே 3.9 ஆகத் தெரியும்.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாத சொற்களும் உண்டு. ஹிப்னாசிஸ் உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூளையின் ஹிப்போகேம்பஸ் கடற்குதிரை வடிவத்தால் பெயர் பெற்றது. அதிலுள்ள ‘ஹிப்போ’வுக்குக் குதிரை என்று பொருள்.