கணினி விசிறியின் வேகம் தவறாகக் காட்டும்போது

விசிறி கண்ணெதிரே சுழன்றுகொண்டிருக்க, திரையில் சுழியமோ நம்ப முடியாத பெரிய எண்ணோ தெரிந்தால், முதலில் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) பாருங்கள். அங்கே சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் தவறாகத் தெரிந்தால், குறை பெரும்பாலும் மென்பொருளுடையது. இரண்டு கண்காணிப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே உணரிச் சில்லை வாசிக்கும்போது இக்குழப்பம் நேர்வதுண்டு என்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸிலும் தவறென்றால், கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, விசிறியின் இணைப்பியைக் கவனியுங்கள். அதன் மூன்றாவது கம்பிதான் வேகத்தைச் சொல்வது. பெரும்பாலான விசிறிகள் ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகளை அதன்வழி அனுப்ப, மதர்போர்டு அவற்றை எண்ணி நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள் என்று கணக்கிடுகிறது. அந்தக் கம்பி தளர்ந்திருந்தாலோ, விசிறி மதர்போர்டில் அல்லாமல் மின்வழங்கியின், மின்சாரம் மட்டும் தரும் மோலெக்ஸ் முனையில் நேரே இணைக்கப்பட்டிருந்தாலோ, சுழியமே தெரியும். பின்னதில் பழுது எதுவும் இல்லை. ஒரே முனையிலிருந்து 2 விசிறிகளுக்குப் பிரியும் கம்பியில் இரண்டின் துடிப்புகளும் கலந்தால், எண் தாறுமாறாக ஏறி இறங்கும். வேகக் கம்பி ஒரு கிளையில் மட்டும் உள்ள பிரிப்பானையே வாங்க வேண்டும். மலிவானவற்றை வாங்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு விசிறி சுழியம் காட்டினால் பதற வேண்டாம். சுமை குறைந்தபோது அதைத் தானாகவே நிறுத்திவைக்கும் கார்டுகள் பல உண்டு.