மொட்டை மாடியில் சும்மா நிற்கும் டிஷ்ஷில் இலவசச் சேனல்கள் பார்ப்பது எப்படி

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் துருப்பிடித்த டிஷ் ரெண்டு மூணு கண்ணில் படும். ரீசார்ஜ் பண்ணுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர்கள் செல்போனுக்கும் வைஃபைக்கும் போய்விட்டார்கள், டிஷ் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் அது வெறும் தகடுதான், எந்தச் செயற்கைக்கோளைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோமோ அதிலிருந்து வருவதை வாங்கிக் கொடுக்கும்.

நாம் திருப்பப் போவது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் பக்கம். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று ஆரம்பித்தது இதுதான். மாதச் சந்தா கிடையாது. இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருந்து வருகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் இந்திச் சேனல்கள்தான் அதிகம். தமிழுக்கு டிடி தமிழ் உண்டு (2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்தது), கன்னடத்துக்கு சந்தனா உண்டு, அகில இந்திய வானொலியின் பல மொழி நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களும் இதே செயற்கைக்கோளில்தான், அதற்காக மட்டுமே கூட இந்த வேலையைச் செய்யலாம். சீரியல்தான் வேண்டும் என்றால் சந்தா கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது பாக்ஸ், அதாவது டிவியோடு இணைக்கும் செட்-டாப் பாக்ஸ். பழைய கம்பெனி பாக்ஸ் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டிருக்கும், வேறு அலைவரிசையைத் தேட விடாது. எஸ்.பி. ரோட்டில் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் என்று கேட்டாலே கிடைக்கும், எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், எம்பெக்-2 மட்டும் உள்ள பாக்ஸில் ஒரு பகுதி சேனல்கள் வராது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் டிவியின் விவரக் குறிப்பைப் பாருங்கள், டிவிபி-எஸ்2 என்று போட்டிருந்தால் டிஷ் சிக்னலைப் பிடிக்கும் ட்யூனர் டிவிக்குள்ளேயே இருக்கிறது, டிஷ் கேபிளை நேராகச் செருகிப் பார்த்துவிட்டு அப்புறம் பாக்ஸ் தேவையா என்று முடிவு பண்ணலாம்.

டிஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் இருக்கிற இடத்திலேயே ஒரு முறை தேடிப் பாருங்கள். சன் டைரக்ட் 91.5 டிகிரியிலிருந்தும் ஒளிபரப்பியிருக்கிறது, ஃப்ரீ டிஷ் இருக்கிற அதே 93.5-லிருந்தும் ஒளிபரப்பியிருக்கிறது. நம் ஆட்கள் வீட்டில் அதிகம் இருப்பதும் அந்த டிஷ்தான், அதனால் போல்ட்டைத் தொடாமலேயே படம் வந்துவிட வாய்ப்பு உண்டு. எல்என்பி என்பது டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி முனையில் நின்று சிக்னலை வாங்கும் கருவி. பாக்ஸின் மெனுவில் எல்என்பி 9750/10600, 22கே ஆஃப், அலைவரிசை 11090, போலரைசேஷன் வி, சிம்பல் ரேட் 29500 என்று போடுங்கள். 11170, 11470 இரண்டையும் இதே வி, 29500-இல் போட்டுப் பார்க்கலாம். எல்என்பியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 9750/10600 தவிர வேறு எண் இருந்தால் அந்த எல்என்பியை மாற்றிவிட்டு யுனிவர்சல் எல்என்பி ஒன்று போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டும்போது பாக்ஸின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், அந்தக் கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்குக் கரண்ட் போகிறது.

படம் வரவில்லையா, இனி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதுதான். பெங்களூரிலிருந்து ஜிசாட்-15 இருக்கும் திசை காம்பஸில் 128 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே, உயரம் அடிவானத்திலிருந்து 66 டிகிரி. பலர் தடுமாறுவது இங்கேதான். டாடா ப்ளே 83 டிகிரியில் இருக்கிறது, பத்தரை டிகிரிதானே வித்தியாசம் என்று நினைத்து லேசாகத் தள்ளிப் பார்ப்பார்கள், ஒன்றும் வராது. நம் ஊரில் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருப்பதால் அந்தப் பத்தரை டிகிரிக்கு டிஷ்ஷை அதன் கம்பத்தில் 29 டிகிரி கிழக்கே சுற்ற வேண்டியிருக்கும், ஏழெட்டு டிகிரி தாழ்த்தவும் வேண்டும். ஏர்டெல் 108.2-இல் இருக்கிறது, அந்த டிஷ்ஷைத் தெற்குப் பக்கமாக 17 டிகிரி சுற்றி 14 டிகிரி உயர்த்த வேண்டும். டிஷ் டிவி 95-இல் இருப்பதால் ரெண்டு மூணு டிகிரி அசைவே போதும், 91.5 பார்த்து நிற்கும் சன் டைரக்டுக்கு நாலு டிகிரி.

66 டிகிரி என்றதும் தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை, சிக்னல் வரும் திசையை விட இருபது டிகிரிக்கு மேல் நிமிர்ந்துதான் தெரியும். கண்ணை நம்பாமல் பின்பக்க பிராக்கெட்டில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். போன் காம்பஸைத் தண்ணீர்த் தொட்டிக் கம்பி, இரும்புப் படிக்கட்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகக் காட்டும், நாலடி தள்ளி நின்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது ஃப்ரீ டிஷ் ஓடினால் அதன் திசையைப் பார்த்து வைப்பதுதான் எல்லாவற்றையும் விடச் சுலபம்.

போல்ட்டை முழுசாகக் கழற்றாதீர்கள், கை வைத்தால் கனமாக அசையும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். உயரத்தை அளவுகோலில் வைத்துவிட்டு, பக்கவாட்டில் மட்டும் துளித் துளியாக நகர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் ரெண்டு மூணு வினாடி நிறுத்துங்கள், பாக்ஸ் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். கீழே டிவி முன்னால் ஒருவர், மேலே ஒருவர், நடுவில் போன் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சின்ன டிவியையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பாதி வேலை மிச்சம். திரையில் ஸ்ட்ரெங்த் என்று ஒன்றும் குவாலிட்டி என்று ஒன்றும் காட்டும். ஸ்ட்ரெங்த் எல்என்பி இணைந்திருந்தாலே ஏறி நிற்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். குவாலிட்டி ஏறினால்தான் கிடைத்தது என்று அர்த்தம்.

குவாலிட்டி கொஞ்சமாக வந்து அதற்கு மேல் ஏறவில்லை என்றால் எல்என்பியைத் திருப்பிப் பாருங்கள். கிளாம்பைத் தளர்த்தி எல்என்பியை அதன் இடத்திலேயே மெதுவாக இரண்டு பக்கமும் சுழற்ற வேண்டும். 83-க்கு வைத்திருந்த எல்என்பிக்கு 93.5-இல் கிட்டத்தட்ட 28 டிகிரி சுழற்சி தேவைப்படும், இதைச் செய்யாமல் டிஷ் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

இறுக்கும்போது போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், கண் குவாலிட்டி மேலேயே இருக்கட்டும். ஒரே போல்ட்டை மொத்தமாக முறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். கேபிள் முனையில் பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள், எல்என்பி பக்க இணைப்பின் மேல் டேப் சுற்றுங்கள். கனமழை கொட்டும்போது படம் உடைந்தால் டிஷ்ஷைத் தொட வேண்டாம், மழை விட்டதும் தானாக வந்துவிடும். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு ஏலத்தில் இடம் கொடுப்பதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த சேனல் திடீரென்று காணோம் என்றால் மாடிக்கு ஓடாமல் முதலில் ஆட்டோ ஸ்கேன் ஒன்று போடுங்கள்.