பிக்னிக்குக்கு ஒரு சின்னக் கரி கிரில்: வலைக்கு முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கடையில் சின்னக் கரி கிரில்லைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் மூடியைத் திறந்து, கம்பி வலை எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். முதன்முறையாக வாங்கப் போகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதைக் கவிழ்த்துப் பாருங்கள். காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, சாம்பல் எங்கே விழுகிறது, கால்கள் எப்படி ஊன்றுகின்றன, அடித்தட்டுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்ற நான்கையும் பார்த்த பிறகு வலைக்கு வாருங்கள். சமைக்கும்போது தணல் உங்கள் சொல்பேச்சு கேட்குமா, சமைத்து முடித்த பிறகு கிரில்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

படி 1: ஆட்களையும் நடையையும் கணக்கிடுங்கள்

உள்ளங்கை அளவுள்ள ஒரு துண்டு ஏறக்குறைய 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் இடம் பிடிக்கும். 35 செ.மீ. விட்டமுள்ள வட்ட வலையின் பரப்பு சுமார் 960 சதுர செ.மீ. ஒன்பது துண்டுகள் வைக்கலாம் போலத் தோன்றும். ஆனால் ஓரங்களில் சூடு குறைவு. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். திருப்பிப் போடவும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆக, ஒரே நேரத்தில் ஐந்தாறு துண்டுகள்தான். இரண்டு முதல் நான்கு பேருக்கு இது தாராளம்.

பத்துப் பேர் போகிறீர்கள் என்றால், பெரிய கிரில் ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல் என்பது என் கருத்து. ஒன்றில் இறைச்சி, மற்றொன்றில் காய்கறி என்று பிரித்துக்கொள்ளலாம். சுமையையும் இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எடை பார்க்கும்போது கிரில்லின் எடையோடு கரி, இடுக்கி, தண்ணீர், உணவுப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே சமைக்கப் போகிறீர்கள் என்றால் எட்டுக் கிலோ கிரில்கூடப் பொருட்டில்லை. கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தால் ஐந்து கிலோவைத் தாண்டாதீர்கள்.

படி 2: வடிவத்தை முடிவுசெய்யுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது, உருண்டைக் கிண்ணமும் அதற்குப் பொருந்தும் குவிந்த மூடியும் கொண்ட வகையை. 1952இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், நீர்மிதவை செய்வதற்கான உலோக உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைக் கிண்ணமாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். திறந்த அடுப்பில் காற்றும் சுவாலையும் படுத்திய பாட்டுக்கு அவர் கண்ட தீர்வு அது. திறந்த வெளியில் சமைக்கும் நமக்கும் அதே தொல்லைதான். ஆகவே அதே தீர்வு பொருந்துகிறது.

வார்ப்பிரும்பில் செய்த சின்னச் செவ்வகக் கிரில்கள் சூட்டை அருமையாகப் பிடித்து வைக்கும். கம்பியில் கோத்துச் சுடுவதற்கு அவற்றை மிஞ்சியது இல்லை. ஆனால் கனம் அதிகம், பெரும்பாலும் மூடியும் இருக்காது. புத்தகம்போல மடிந்து முதுகுப்பையில் நுழைந்துவிடும் தகடு வகை, நீண்ட நடைக்கு உதவும். மூட்டுகளின் இடுக்கு வழியாகச் சாம்பல் கொட்டும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் சிறு விசிறி வைத்த மேசை கிரில் சீக்கிரம் சூடேறும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் தணல் மந்தமாகிவிடும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் அலுமினியத் தட்டு கிரில்லை மட்டும் வாங்காதீர்கள். அதில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கால் இல்லாமல் நேராகப் புல்லில் உட்கார்வதால் புல் கருகும். காய்ந்த நிலமாக இருந்தால் தீயே பரவும். அணைந்ததாக நினைத்துக் குப்பைத் தொட்டியில் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. பல பூங்காக்களில் இதற்குத் தடை இருப்பது நியாயமே.

படி 3: காற்று போகும் வழியைச் சோதியுங்கள்

கரி கிரில்லில் சூட்டைக் கூட்டக் குறைக்க உங்களிடம் இருக்கும் ஒரே திருகு காற்றுதான். அடித்துளை வழியாக நுழையும் காற்று கங்குகளைக் கனல வைக்கிறது. மூடியின் துளை வழியாகப் புகையும் வெப்பமும் வெளியேறும்போது கீழிருந்து புதுக் காற்று இழுக்கப்படுகிறது. இரண்டில் எது அடைபட்டாலும் தணல் தளரும். இரண்டையும் மூடினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும்.

ஆகவே இரண்டு துளைகளுக்கும் நகர்த்தி மூடும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். லொடலொடவென ஆடினால் சமைக்கும்போது தானாக நகர்ந்துவிடும். வெறும் ஓட்டை மட்டும் போட்டு, மூடுவதற்குத் தகடே வைக்காத கிரில்கள் நிறைய உண்டு. அவற்றில் நெருப்பைக் கட்டுப்படுத்தவும் முடியாது, முடிந்தபின் அணைக்கவும் முடியாது.

மூடி சரியாகப் பொருந்துகிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கைபேசியின் விளக்கை எரியவிட்டுக் கிண்ணத்துக்குள் வையுங்கள். துளைகளை அடைத்து மூடியைப் போடுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தால் பாதகமில்லை. ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் கொட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ குபீரென எழும்போது அந்த மூடிதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து, கரி எதன்மேல் உட்காருகிறது? கிண்ணத்தின் அடித்தகட்டிலேயே கரியைக் கொட்டும்படி இருந்தால், சமையல் பாதியில் இருக்கும்போதே சாம்பல் துளைகளை அடைத்துவிடும். நன்றாக எரிந்துகொண்டிருந்த கரி காரணமே இல்லாமல் சோர்ந்துபோவதாகப் பலர் வருந்துவது இதனால்தான். கரிக்கென்று தனியாக ஒரு கம்பித்தட்டும், அதற்குக் கீழே சாம்பல் விழ விரலளவு இடமும் இருக்க வேண்டும்.

கரித்தட்டுக்கும் மேல்வலைக்கும் நடுவே 8 முதல் 12 செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அளவுகோல் இல்லையென்றால் மூடிய முஷ்டியை நுழைத்துப் பாருங்கள். முஷ்டி நுழையாத கிரில்லில் வெளிப்புறம் கருகும், உள்ளே வேகாது.

படி 4: உலோகம், கால், கைப்பிடி

எனாமல் பூசிய எஃகு, துருப்பிடிக்காத எஃகு இரண்டும் நீடித்து உழைக்கும். வெறும் பெயின்ட் அடித்த மெல்லிய தகடு சீக்கிரம் உரிந்து துருவேறும். துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த எதையும் கிரில்லாக்காதீர்கள். கடுஞ்சூட்டில் அதிலிருந்து உடலுக்குக் கேடான புகை வரும். பழைய வாளியை வெட்டி கிரில் செய்ய நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சமமில்லாத தரையில் மூன்று கால்கள் ஆடாமல் நிற்கும். நான்கு கால் இருந்தால் ஒன்று அந்தரத்தில் நிற்க வாய்ப்புண்டு. ஆனால் மூன்று கால்கள் நெருக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சாயும். கடையிலேயே தரையில் வைத்து விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சாய்ந்தால் வேண்டாம். கைப்பிடி மரத்திலோ சூடு ஏறாத வேறு பொருளிலோ இருக்கட்டும். மூடியைக் கிண்ணத்தோடு பூட்டும் கொக்கி இருந்தால் தூக்கிச் செல்லும்போது சாம்பல் சிந்தாது.

படி 5: கரியைத் தேர்ந்தெடுங்கள்

மரத்துண்டாகவே இருக்கும் மரக்கரி சீக்கிரம் பற்றும், கடுஞ்சூடு தரும், சாம்பல் குறைவு. சீக்கிரம் தீர்ந்தும் போகும். கரித்தூளை அழுத்திச் செய்த கரிக்கட்டி மெதுவாகப் பற்றி நெடுநேரம் சீராக எரியும், சாம்பல் அதிகம். சின்னக் கிரில்லுக்கு மரக்கரியையே நான் விரும்புகிறேன், அடியில் சாம்பலுக்கு இடம் குறைவு என்பதால். பெரிய துண்டுகளை வீட்டிலேயே எலுமிச்சை அளவுக்கு உடைத்து எடுத்துச் செல்லுங்கள். 35 செ.மீ. கிரில்லில் ஒரு வேளை சமைக்க ஒரு கிலோவுக்குள்ளேயே போதும். ஈரம் பட்ட கரி வெடிக்கும், புகையும், பற்றாது. காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள்.

படி 6: முதலில் வீட்டு வாசலில் ஒரு வெள்ளோட்டம்

புதுக் கிரில்லை நேராகப் பிக்னிக்குக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். திறந்த வெளியில், உணவு எதுவும் வைக்காமல் அரை மணி நேரம் கரியை எரியவிடுங்கள். தொழிற்சாலையில் பட்ட எண்ணெயும் பிசுக்கும் எரிந்துபோகும். துளையை எந்த அளவு திறந்தால் எப்படி எரிகிறது என்றும் உங்களுக்குப் பிடிபடும்.

பற்றவைக்கச் சின்னச் சிம்னிக் குழாய் இருந்தால் வேலை சுலபம்: அடியில் காகிதம், மேலே கரி, காகிதத்துக்குத் தீ. குழாய் இல்லாவிட்டால் கரியைக் கூம்பாகக் குவித்து நடுவில் தீமூட்டும் கட்டி ஒன்றை வையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். எரியும் கரியின்மேல் எந்த எரிதிரவத்தையும் ஊற்றாதீர்கள். தீ அந்தத் தாரையில் ஏறி உங்கள் கைக்கு வந்துவிடும்.

சுவாலை அடங்கி, கரியின் மேல் சாம்பல் நிறம் படர்ந்த பிறகே சமைக்க வேண்டும். இதற்கு 15 முதல் 25 நிமிடங்கள் பிடிக்கும். பசியோடு நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள். உள்ளங்கையை வலைக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடிகளில் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் கடுஞ்சூடு. நான்கைந்து விநாடிகள் தாங்கினால் நடுத்தரச் சூடு.

தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். தணலின்மேல் வைத்து நிறம் ஏற்றி, வெறும் பக்கத்துக்கு நகர்த்தி, மூடி போட்டு உள்ளே வேகவிடலாம். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸையும், கொத்திறைச்சி 71 டிகிரியையும் எட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. குத்திப் பார்க்கும் சிறு வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்.

படி 7: பிக்னிக் இடத்தில்

அந்த இடத்தில் நெருப்பு மூட்ட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். காய்ந்த புல், சருகு, தாழ்ந்த கிளை இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பச்சை இறைச்சியைச் சமைக்கும் வரை குளிர்பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். சமைத்ததும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

மழை வந்தாலும் கிரில்லைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு ஆளைக் கொல்லும். சுவாலை இல்லை, புகை இல்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. கங்கு மினுங்கும் வரை வாயு வந்துகொண்டே இருக்கும். கூடாரக் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது.

படி 8: அணைத்து, கட்டி எடுப்பது

கடைசித் துண்டை எடுத்ததுமே மூடியைப் போட்டு, மேலும் கீழும் துளைகளை அடைத்துவிடுங்கள். படி 3இல் மூடியைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகவும்தான். கிரில் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சமையலை முடியுங்கள். மீதி நேரத்தில் சாப்பிடலாம், பேசலாம், விளையாடலாம்.

அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். சூடான கிண்ணத்துக்குள் தண்ணீரைக் கொட்டாதீர்கள்: ஆவி முகத்தில் அடிக்கும், எனாமலும் வெடிக்கும். கடற்கரையில் கங்குகளை மணலில் புதைத்துவிட்டு வருவது மிகக் கொடிய பழக்கம். மணலுக்கடியில் அவை மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். மேலே ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைதான் மிதிக்கும்.

கிரில்லின் அடிப்பக்கத்தைக் கையால் தொட முடியும் வரை வண்டியில் ஏற்றாதீர்கள். உள்ளே ஒரு கங்கு உயிரோடு இருந்தாலும் அடைத்த வண்டிக்குள் அதே நச்சு வாயுதான். சாம்பலை மூடியுள்ள உலோக டப்பாவில் இட்டு, இரண்டு நாள் கழித்துக் கொட்டுங்கள். பாதி எரிந்த கரி மிஞ்சினால் உலர்த்தி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். புதுக்கரியோடு கலந்தால் நன்றாகவே பற்றும்.

வலையைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் மயிரிழைக் கம்பி உணவில் ஒட்டித் தொண்டைக்குள் போய்விடும். கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் போதும். கிண்ணத்தில் சாம்பலை மட்டும் விட்டுவைக்காதீர்கள்; ஈரம் பட்ட சாம்பல் உலோகத்தை அரிக்கும், முதலில் அரிப்பது காற்றுத் துளையின் தகட்டைத்தான்.