முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற டிஷ்ஷில் இலவச அலைவரிசைகள்

பிரித்தானியாவில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் வெளிச்சுவரில், முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற ஸ்கை என்ற சந்தாத் தொலைக்காட்சி நிறுவனத்தின் டிஷ் ஒன்று இருந்தால், மாதச் சந்தா எதற்கும் கையெழுத்திடும் முன் அதைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஃப்ரீசாட் என்ற இலவசச் சேவை, ஸ்கையைப் போலவே கிழக்கு 28.2 பாகையில் நிற்கும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களிலிருந்தே வருவதால், டிஷ்ஷைத் திருப்பத் தேவையில்லை. தென்கிழக்கே வளர்ந்த மரம் எதுவும் மறைக்காமல், காற்றில் அசையாமல் இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

கவனிக்க வேண்டியது டிஷ்ஷின் முன்கையில் இருக்கும், சிக்னலைப் பிடித்துக் கம்பிக்கு அனுப்பும் எல்.என்.பி. என்ற சிறு கருவி. நான்கு அல்லது எட்டு இணைப்புகள் உள்ள பழைய வகையில், எந்த இணைப்பிலிருந்தும் செட்டாப் பாக்ஸ் தனக்கு வேண்டிய அலைவரிசைத் தொகுதியைக் கேட்டுப் பெறலாம்; சாதாரண ஃப்ரீசாட் பெட்டிக்கு அதுவே போதும். ஆனால் 2016-இல் வந்த ஸ்கை கியூ என்ற பெட்டிக்காகப் பொருத்தப்பட்ட, பெரும்பாலும் இரண்டே இணைப்புகள் உள்ள அகலக்கற்றை எல்.என்.பி., ஒரு கம்பியில் கிடைத்தள அலைகளையும் மற்றதில் செங்குத்து அலைகளையும் மொத்தமாக அனுப்புகிறது. பழைய பெட்டிக்கு இது புரியாது. திரையில் சிக்னல் இல்லை என்றே காட்டும். டிஷ் பழுதென்று எண்ணிப் பலர் புதியது வாங்குவது இந்த இடத்தில்தான், அது வீண் செலவு. அகலக்கற்றையை ஏற்கும் ஃப்ரீசாட் பெட்டியை வாங்கலாம், அல்லது எல்.என்.பி.யை மட்டும் மாற்றலாம். ஸ்கை டிஷ்ஷின் பிடி தனி வடிவம் உடையதாதலால், அதற்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய விரும்பினால், பழைய வகை எல்.என்.பி.யிலிருந்து பொதுவாக இரண்டு கேபிள்கள் வர வேண்டும். ஸ்கை பதிவுப்பெட்டி இருந்த வீடுகளில் அவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். திருகு இணைப்பைப் போடும்போது கேபிளின் உலோக வெளிப்பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. ஏணி ஏற வேண்டிய உயரமென்றால் தொழில் தெரிந்தவரையே அழையுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி பெறுங்கள்.

பெட்டி முதலில் கேட்கும் அஞ்சல் குறியீட்டைச் சரியாகக் கொடுத்தால் உங்கள் வட்டாரச் செய்திகள் கிடைக்கும். தமிழ் அலைவரிசைகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சிறு பிள்ளைகளுக்கான சிபீபிஸும், ஆங்கிலம் பழகுவோருக்குத் துணையாகும் வசன எழுத்துகளும் இருக்கின்றன. சந்தா இல்லையென்றாலும், நேரலைத் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டுக்குத் தொலைக்காட்சி உரிமம் சட்டப்படி கட்டாயம் என்பதால், பெட்டியை இயக்கும் முன்பே அதை எடுத்துவிடுங்கள்.